துக்கத்தில் மாறிய பயணம்: பழைய டிக்கெட்டை என்ன செய்வது?

கேள்வி: அம்மா இறந்து பத்து நாள் ஆகிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போய் அவரைக் கையோடு அழைத்துவரலாம் என்று முன்பே டிக்கெட் போட்டிருந்தோம். எனக்கும் என் கணவருக்கும் ஒரே பி.என்.ஆரில் போக, வர டிக்கெட். அம்மாவுக்குத் தனி பி.என்.ஆர். எல்லாமே ஓர் இணைய ஏஜென்சி மூலம், ரீஃபண்ட் இல்லாத மலிவுக் கட்டணத்தில் எடுத்தவை. செய்தி வந்த இரவே விமான நிறுவனத்தை அழைத்து, என் தேதியை முன்னுக்கு மாற்றக் கேட்டேன். மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமுமாக அவர்கள் சொன்ன தொகை பழைய டிக்கெட்டின் விலையையே தாண்டியது. விஷயத்தைச் சொல்லி அழுதேன். "ரூல் அப்படித்தான் மேடம்" என்றார்கள். வேறு நிறுவனத்தில் ஒருவழி டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தேன். கணவர் பழைய தேதியிலேயே வருகிறார். அதற்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. பழைய டிக்கெட்டில் வரும் பயணத்தை விட்டுவிட்டு, திரும்பிப் போவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாமா? அம்மாவின் டிக்கெட்டுக்குப் பணம் கிடைக்குமா? துக்கத்தில் இருப்பவர்களுக்கு இரக்கம் காட்டும் விதி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அம்மாவின் சாவைக் காட்டிக் காசு கேட்பதுபோலக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய டிக்கெட்டின் முதல் பயணத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அந்த விமானம் நீங்கள் இல்லாமல் கிளம்பினால் உங்கள் பெயர் 'நோ-ஷோ' என்று பதிவாகும். அதன் பின்னாலேயே திரும்பும் பயணத்தின் இருக்கையும் பெரும்பாலான நிறுவனங்களில் தானாக ரத்தாகிவிடும். திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போய் நின்றபிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அப்போது கையில் இருப்பது அன்றைய விலையில் ஒரு புது டிக்கெட் வாங்கும் வழி மட்டுமே.

காரணம் இதுதான். ஈ-டிக்கெட் பார்ப்பதற்கு ஒரே தாள் போல இருந்தாலும், உள்ளே ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கூப்பன் இருக்கிறது. அவற்றை 1, 2, 3, 4 என்ற வரிசையில்தான் பயன்படுத்த வேண்டும் என்று பயண நிபந்தனைகளில் எழுதியிருக்கும். போக வர எடுக்கும் டிக்கெட் பல சமயம் ஒருவழி டிக்கெட்டைவிட மலிவாக விழும். அதை வாங்கி ஒரு பாதியை மட்டும் பயன்படுத்துகிறவர்களைத் தடுக்க வந்த விதி இது. துக்கத்தில் ஓடிவந்தவரையும் தந்திரம் செய்பவரையும் கணினிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு மனிதர் தலையிட்டால்தான் உண்டு. அந்த மனிதரை அடைவதற்கு உங்களுக்கு 19 நாள் இருக்கிறது. போதுமான அவகாசம்தான், ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

முதல் வேலை, பி.என்.ஆரைப் பிரிப்பது. நீங்களும் கணவரும் ஒரே பதிவில் இருப்பதால், உங்கள் பயணத்தில் கைவைக்கப் போய் அவருடைய இருக்கையும் சேர்ந்து போய்விடும் ஆபத்து உண்டு. அதனால் "பயணிகள் இருவரையும் ஸ்ப்ளிட் செய்து தாருங்கள்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புதிதாக ஆறு எழுத்து/எண் கொண்ட பி.என்.ஆர். கிடைக்கும். டிக்கெட் எண்கள் மாறாது. பிரித்து முடித்ததும் அழைப்பைத் துண்டிக்காமல், கணவரின் பழைய பி.என்.ஆரில் அவருடைய விமானங்கள், இருக்கை எண், உணவு விருப்பம் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்ப்ளிட் செய்யும்போது இருக்கைத் தேர்வு உதிர்ந்துபோவது சகஜம்.

அடுத்தது வெய்வர். முதல் கூப்பனைப் பயன்படுத்தாமல் திரும்பும் கூப்பனை மட்டும் தக்கவைத்துக்கொள்ள விதிவிலக்குக் கேட்க வேண்டும். சாதாரணமாக "என் முதல் பயணத்தை கேன்சல் செய்யுங்கள்" என்று சொன்னால், கணினி மிச்சமிருப்பதை ஒருவழிப் பயணமாக மறுவிலை போடும். வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும். எனவே கேட்கும் வாக்கியம் முக்கியம். இப்படிச் சொல்லலாம்:

"என் தாயார் இந்தத் தேதியில் காலமானார். நான் வேறு டிக்கெட்டில் ஏற்கெனவே வந்துவிட்டேன். இந்த டிக்கெட்டின் முதல் பயணத்தை நீக்கி, திரும்பும் பயணத்தை அதே விமானத்தில், அதே கட்டணத்தில் வைத்துக்கொள்ள, குடும்ப மரணத்தின் பேரில் வெய்வர் கேட்கிறேன். இறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும்? உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் சூப்பர்வைசருக்கு மாற்றுங்கள். அதற்கு முன், நான் அழைத்ததையும் காரணத்தையும் பி.என்.ஆரில் ரிமார்க்காகப் பதிவு செய்யுங்கள்."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரிமார்க் என்பது பி.என்.ஆருக்குள் ஊழியர்கள் எழுதிவைக்கும் குறிப்பு. அடுத்த முறை யார் எடுத்தாலும், விமான நிலையக் கவுன்டரில் யார் இருந்தாலும், அதைப் படிக்க முடியும். ரிமார்க் இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்பிலும் அம்மா இறந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேதனையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதற்காகவே இதை வற்புறுத்துகிறேன்.

வெய்வர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டை மறுபடி வெளியிட வேண்டும், ரீஇஷ்யூ என்பார்கள். பி.என்.ஆரில் 'கன்ஃபர்ம்டு' என்று தெரிவது இருக்கை ஒதுக்கப்பட்டிருப்பதை மட்டுமே காட்டும். அந்த இருக்கைக்கு நேராக, செல்லுபடியாகும் கூப்பன் இருக்க வேண்டும். இருக்கை இருந்து டிக்கெட் பழைய நிலையிலேயே நின்றுவிட்டால், செக்-இன் கவுன்டரில் திரை உங்களை ஏற்காது. ஆகவே புதிய 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் முதல் 3 இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு. புதிய ஈ-டிக்கெட் ரசீது மின்னஞ்சலில் வந்து, அதில் திரும்பும் விமானத்தின் எண்ணும் தேதியும் சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு நிம்மதியாக இருங்கள்.

இனி, உங்கள் கூச்சத்தைப் பற்றி. நீங்கள் யாரிடமும் கையேந்தவில்லை. டிக்கெட் ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே மரணத்துக்கு என்று வரிகள் இருக்கின்றன. அவை இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது யாரும் திறந்து பார்க்காத பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு கட்டணத்துக்கும் 'ஃபேர் ரூல்ஸ்' என்ற விதித் தொகுப்பு உண்டு. அது எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கும். 16ஆம் பிரிவின் தலைப்பு 'பெனால்ட்டீஸ்'. மாற்றத்துக்கு எவ்வளவு, ரத்துக்கு எவ்வளவு, நோ-ஷோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான். அந்தப் பிரிவின் கடைசியில், 'பயணியோ குடும்ப உறுப்பினரோ இறந்தால் இந்தக் கட்டணம் தள்ளுபடி' என்ற பொருளில் ஒரு வரி பல நிறுவனங்களின் விதிகளில் இருக்கிறது, மலிவுக் கட்டணத்தில்கூட. உங்களிடம் "ரூல் அப்படித்தான்" என்று சொன்னவர் திரையில் தெரிந்த தொகையைச் சொன்னாரே தவிர, அந்த வரி வரை போயிருக்க மாட்டார். அடுத்த முறை, "என் ஃபேர் பேசிஸுக்கு உரிய பெனால்ட்டீஸ் பிரிவை முழுசாகப் படித்துச் சொல்லுங்கள், மரணம் பற்றிய வரி இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஃபேர் பேசிஸ் என்பது ரசீதில் விமான எண்ணுக்கு அருகே எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும் குறியீடு. பயணச் சேவை பழகியவர் பேசுகிறார் என்று மறுமுனைக்குப் புரிய அந்த ஒரு சொல்லே போதும்.

ஆனால் அந்த வரி தள்ளுபடி செய்வது பெனால்ட்டியை மட்டும். அன்றிரவு உங்களைத் திகைக்கவைத்த தொகையில் பெரும்பங்கு பெனால்ட்டியாக இருந்திருக்காது. விலை வித்தியாசமாகத்தான் இருந்திருக்கும். ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு இருக்கைகளை நிறுவனங்கள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை வைத்து விற்கின்றன. மலிவான எழுத்துகள் முதலில் தீரும். சிலவற்றுக்கு 14 நாள், 21 நாள் முன்னதாகவே வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். நாளைக் காலை விமானம் என்றால் மிஞ்சுவது விலை கூடிய எழுத்துகள்தான். துக்கச் செய்தி கேட்டு ஓடுகிறவரும் அவசர வியாபாரக் கூட்டத்துக்குப் போகிறவரும் ஒரே விலைப்பலகையின் முன் நிற்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் கொடுமை அங்கேதான் இருக்கிறது.

விலை வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்ய ஃபேர் ரூலில் வரி இருக்காது. அது சூப்பர்வைசரின் கையில், விமான நிலையத்தில் என்றால் நிறுவனத்தின் டூட்டி மேனேஜர் கையில் இருக்கிறது. அவர்களால் பழைய எழுத்திலேயே இருக்கையைத் திறந்து கொடுக்க முடியும். காலியிடம் இருக்கும் விமானமாகப் பார்த்து, நீங்களே விமான எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் அவர்களுக்கு அது எளிது. நிரம்பி வழியும் விமானத்தில் இதே கோரிக்கை எடுபடாது. ஒரு நாள் முன்பின், நடுவில் ஒரு நிறுத்தம், அருகிலுள்ள இன்னொரு விமான நிலையம் என்று இரண்டு மூன்று மாற்று வழிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பயண நிபந்தனைகளில் இன்னும் இரண்டு இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வின் மாதிரி நிபந்தனைகளைத் தழுவித்தான் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளை எழுதியிருக்கின்றன. அதில் ஒன்று: பயணத்தைத் தொடங்கிவிட்ட ஒருவரின் நெருங்கிய குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், சான்றிதழின் பேரில் அவருடைய டிக்கெட்டின் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கலாம், ஆனால் இறந்த நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது. உங்கள் பழைய டிக்கெட்டில் பயணம் தொடங்காததால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஊருக்கு வந்த இடத்தில் துக்கம் நேர்ந்து, திரும்பும் தேதியைத் தள்ள வேண்டியவர்களுக்கு இது கைகொடுக்கும்.

இன்னொன்று உங்களுக்கானது. டிக்கெட் முழுவதும் பயன்படுத்தப்படாமல் இருந்து, பயணியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, முன்கூட்டி அறிய முடியாத காரணத்தால் பறக்க இயலாமல் போனால், ஆதாரத்துடன் உடனடியாகத் தெரிவிக்கும் பட்சத்தில், ரீஃபண்ட் இல்லாத தொகையை ஒரு நியாயமான நிர்வாகக் கட்டணம் கழித்து, பின்னால் பறப்பதற்கான கிரெடிட்டாகத் தரலாம் என்கிறது அந்த மாதிரி. உங்கள் நிறுவனத்தின் நிபந்தனைகளில் 'ஃபோர்ஸ் மஜூர்' (கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வு) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். குடும்ப மரணம் இதில் அடங்கும் என்பதைச் சிலர் தயக்கமின்றி ஏற்கிறார்கள், சிலர் வாதாடுகிறார்கள். கேட்பதற்கு உறுதியான அடித்தளம் அது. 'முழுவதும் பயன்படுத்தப்படாமல்' என்பதையும், 'உடனடியாக' என்பதையும் கவனியுங்கள். விமானம் கிளம்பிப் போனபிறகு கேட்பவருக்கு இந்த வாசல் ஏறக்குறைய மூடியதுதான்.

ஆக, திரும்பும் கூப்பனைத் தக்கவைக்கும் வெய்வர் கிடைக்காவிட்டால், முதல் விமானம் கிளம்புவதற்குள் உங்கள் டிக்கெட்டை முழுமையாக ரத்து செய்து கிரெடிட்டோ வரிப் பணமோ கேட்பது இரண்டாவது வழி. வரிப் பணத்தை ஒரு கணக்கால் விளக்குகிறேன். டிக்கெட்டின் மொத்தத் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைக் கட்டணம் 55, நிறுவனம் போடும் சர்சார்ஜ் 20, விமான நிலைய, அரசு வரிகள் 25 என்று இருக்கலாம். 'ரீஃபண்ட் இல்லை' என்று அச்சிட்டிருந்தாலும் பயணி பறக்காதபோது அந்த 25இல் பெரும்பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இந்தியாவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, சட்டப்பூர்வ வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நோ-ஷோ ஆனாலும், சலுகைக் கட்டணமானாலும் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனில் பயணி ஏறாவிட்டால் விமானப் பயணி வரி செலுத்த வேண்டியதில்லை. அதைத் திரும்பக் கேட்கலாம், நிறுவனம் நிர்வாகக் கட்டணம் பிடிக்கலாம். சர்சார்ஜ்தான் ஏமாற்றும். ரசீதில் வரிகளின் வரிசையில் ஒய்.கியூ., ஒய்.ஆர். என்ற குறியீடுகளோடு நிற்கும். பார்ப்பதற்கு வரி போல இருந்தாலும் அது நிறுவனத்தின் சொந்த வருமானம். திரும்ப வராதபோது வரியை மறுத்துவிட்டார்கள் என்று எண்ணிச் சண்டையிட்டு அலுத்துப்போக வேண்டாம்.

இப்போது அம்மாவின் டிக்கெட். இதில் உங்கள் நிலை வலுவானது. பயணியே இறந்துவிட்டால், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டாக இருந்தாலும் முழுத் தொகையையும் திருப்பித் தருவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் நடைமுறையாகவே வைத்திருக்கின்றன. இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்தான். குடும்பத்தில் யாராவது, உதவி செய்வதாக நினைத்து, செயலியில் போய் 'கேன்சல்' பொத்தானை அழுத்திவிடுவார்கள். கணினி அதைச் சாதாரண ரத்தாக எடுத்துக்கொண்டு, சில்லறை வரியை மட்டும் திருப்பி அனுப்பி, கூப்பனின் நிலையை 'ரீஃபண்டட்' என்று மாற்றிவிடும். முடிந்துபோன கணக்கை மறுபடி திறப்பது பல வாரங்கள் இழுக்கும் வேலை. ஆகவே யாரும் எதையும் அழுத்த வேண்டாம். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ, "பயணி காலமானார். இருக்கையை மட்டும் விடுவித்து, டிக்கெட்டை ஓப்பனாக வைத்து, மரணத்தின் பேரில் முழு ரீஃபண்டுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். முன்பணம் கட்டி இருக்கைத் தேர்வோ கூடுதல் பெட்டியோ வாங்கியிருந்தால், அவற்றுக்கு டிக்கெட்டிலிருந்து வேறான, தனி 13 இலக்க ரசீது எண் இருக்கும். அந்த எண்களையும் விண்ணப்பத்தில் எழுதாவிட்டால் டிக்கெட் பணம் மட்டும் வந்து மற்றது நின்றுவிடும்.

பணம் செலுத்தியது உங்கள் கார்டாக இருந்தால் தொகை அதற்கே திரும்பும். வாரிசுச் சான்று கேட்கும் சிக்கல் பொதுவாக எழாது. அம்மாவின் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அந்தக் கணக்கை மூடுவதற்கு முன்பே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

ஆவணங்களில் தேவைப்படுவது இறப்புச் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் ஒரு தாள், உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், ஈ-டிக்கெட் ரசீது. சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்றால் மருத்துவமனை தந்த மரண அறிக்கையையோ இறுதிச் சடங்கு நடத்தியவர்களின் கடிதத்தையோ முதலில் அனுப்பி, சான்றிதழ் பின்னால் வரும் என்று எழுதுங்கள்; கோரிக்கை பதிவான தேதி முக்கியம். சான்றிதழில் அம்மாவின் பெயரும் டிக்கெட்டில் உள்ள பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாமல் இருப்பது மிகச் சாதாரணம். அப்படியென்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதி, அவருடைய பாஸ்போர்ட் நகலை இணையுங்கள். சான்றிதழ் நிறுவனத்துக்குப் புரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்தே அனுப்புங்கள். அசலைத் தபாலில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அசல் உங்களுக்கு வேறு பல இடங்களில் தேவைப்படும்.

ஏஜென்சி மூலம் வாங்கியது இந்த வேலைகளைச் சற்று நீட்டிக்கும். நிறுவனத்தை அழைத்தால் "ஏஜென்டிடம் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்டை அழைத்தால் "நிறுவனம் அனுமதிக்க வேண்டும்" என்பார்கள். இருவரும் சொல்வது பாதி உண்மை. டிக்கெட்டில் கைவைக்கும் உரிமை வெளியிட்ட ஏஜென்சியிடம் இருக்கிறது. விதிவிலக்குத் தரும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது 'வெய்வர் கோட்'. நிறுவனத்தின் சூப்பர்வைசரிடம், "டிக்கெட் ஏஜென்சியுடையது என்றால் அவர்களுக்கான வெய்வர் கோடைத் தாருங்கள், அல்லது டிக்கெட்டை உங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். கோட் கிடைத்ததும் அதை ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ரீஃபண்டும் ஏஜென்சி வழியாகவே வரும். அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி. நிறுவனம் முழுதாகத் தந்தாலும் அவர்கள் பிடிக்கலாம். அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஐந்து நிமிடம் செலவழித்து ஒன்றைச் சரிபாருங்கள். டிக்கெட் வாங்கிய நாளுக்குப் பிறகு உங்கள் விமானங்களின் நேரத்தையோ பாதையையோ நிறுவனம் மாற்றியிருக்கிறதா? மாற்றியிருந்தால், 'அட்டவணை மாற்றம்' என்ற மின்னஞ்சல் எங்கோ கிடக்கும். மாற்றம் பெரியது என்றால் இரக்கம் கேட்க வேண்டிய தேவையே இல்லை, ரீஃபண்ட் உரிமையாகிவிடும். அமெரிக்காவுக்கு, அங்கிருந்து, அல்லது அந்நாட்டுக்குள் பறக்கும் விமானங்களுக்கு 2024இல் வந்த விதி, உள்நாட்டில் 3 மணி நேரம், சர்வதேசத்தில் 6 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய மாற்றத்தைப் பயணி ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அட்டவணை மாற்றத்தை 'ஏற்கிறேன்' என்று ஏற்கெனவே அழுத்தியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இரக்கக் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'பெரீவ்மென்ட் ஃபேர்' என்ற பெயரில், நெருங்கிய உறவினரின் மரணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டணம் உண்மையிலேயே உண்டு. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்கன், யுனைட்டெட் இரண்டும் 2014இல் அதை நிறுத்திவிட்டன. டெல்டா, ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் போன்றவை தொடர்ந்தன. இதை இணையதளத்தின் விலைப்பட்டியலில் தேடினால் வராது, பெரும்பாலும் அழைத்துத்தான் கேட்க வேண்டும். இறந்தவரின் பெயர், உறவு, மருத்துவமனை அல்லது இறுதிச் சடங்கு நடத்துவோரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் கேட்பார்கள். 'நெருங்கிய குடும்பம்' யார் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எங்கும் உண்டு, சித்தப்பாவோ நெருங்கிய தோழியோ பட்டியலில் இல்லாமல் போகலாம். இந்தக் கட்டணம் எப்போதும் மலிவாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. அதன் பலம், தேதியை எளிதாக மாற்றிக்கொள்ள இடம் தருவதில் இருக்கிறது. இணையத்தில் தெரியும் சாதாரண விலையோடு ஒப்பிட்டுவிட்டே வாங்க வேண்டும்.

இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். பயணம் முடிந்தபின் வித்தியாசத்தைத் திருப்பித் தருவது பொதுவாக இல்லை. இதைச் சுற்றி ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒரு பயணியிடம், ஏர் கனடாவின் இணையதள சாட்பாட், டிக்கெட் வாங்கி 90 நாளுக்குள் இரக்கக் கட்டணத்துக்கு விண்ணப்பித்து மீதியைப் பெறலாம் என்று சொன்னது. நிறுவனத்தின் உண்மையான விதி அதற்கு நேர்மாறு. பணம் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சிவில் ரெசல்யூஷன் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயம், இணையதளத்தில் சொல்லப்படும் அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, 650.88 கனடிய டாலர் இழப்பீடும், வட்டியும், வழக்குக் கட்டணமும் தர உத்தரவிட்டது. அந்தப் பயணி உரையாடலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். நீங்களும் சாட்டில் பேசினால் ஒவ்வொரு திரையையும் எடுத்து வையுங்கள். தொலைபேசி என்றால் தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்னது ஆகியவற்றை எழுதி, அன்றே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் அவசரமாக வாங்கிய ஒருவழி டிக்கெட்டின் பணத்துக்கு நல்ல வாய்ப்பு இருப்பது பயணக் காப்பீட்டில்தான். தனியாகக் காப்பீடு எடுக்காவிட்டாலும், பழைய டிக்கெட்டுகளை வாங்கிய கிரெடிட் கார்டோடு ஏதாவது காப்பீடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். அம்மாவுக்கு முன்பே இருந்த நோயா என்பது ஒன்று. பாலிசியின் விலக்குகளைப் படித்துவிட்டு உண்மையை அப்படியே எழுதுங்கள். நிறுவனத்திடமிருந்து எவ்வளவு திரும்ப வந்தது என்பது இன்னொன்று. அதற்கு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும், மறுப்பாக இருந்தாலும் சரி. "தர முடியாது" என்ற ஒரு வரி மின்னஞ்சல் காப்பீட்டுக்காரரிடம் பணமாக மாறலாம். அதனால் மறுப்பு வந்தால் அழித்துவிடாதீர்கள்.

அந்த இரவு உங்களுக்கு நடந்ததைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் தொலைபேசியை எடுப்பவருக்கு மாற்றுக் கட்டணத்தைத் தள்ளும் உரிமை பெரும்பாலும் கணினியிலேயே கொடுக்கப்படுவதில்லை. பொய்க் காரணம் சொல்பவர்கள் இருப்பதால் அப்படி வைத்திருக்கிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். சான்றிதழ் பின்னால் கேட்டு வாங்கக்கூடியதுதானே; தராவிட்டால் அதே கார்டில் வித்தியாசத்தை வசூலித்துக்கொள்ளலாம். அழுதுகொண்டிருப்பவரிடம் முதல் ஊழியரே "நாளைக் காலை விமானத்தில் ஏறுங்கள், தாள்களைப் பிறகு அனுப்புங்கள்" என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுப்பது எந்த நிறுவனத்தையும் நஷ்டத்தில் தள்ளிவிடாது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கொடுக்காதது நிறுவனத்தின் தேர்வு. மறுமுனையில் இருந்தவரும், நீங்களும், அந்தத் தேர்வுக்கு நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

நிறுவனம் எழுத்தில் மறுத்துவிட்டால், வாடிக்கையாளர் உறவுப் பிரிவுக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பி.என்.ஆர்., டிக்கெட் எண்கள், இறந்த தேதி, அழைத்த தேதிகள், நிபந்தனைகளில் நீங்கள் சுட்டும் பிரிவின் எண், கேட்கும் தொகை. அதற்கும் பலனில்லை என்றால் நீங்கள் பறக்கும் நாட்டின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் புகார் செய்யலாம். வரிப் பணம், அட்டவணை மாற்றம் போன்ற உரிமைகளில் அவர்கள் தலையிடுவார்கள். நல்லெண்ணத்தின் பேரில் கேட்பதில் தலையிட மாட்டார்கள். எனவே புகாரில் இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சிறிய வேலை. அம்மாவின் பி.என்.ஆரில் இருக்கை விடுவிக்கப்படாமல் இருந்தால், பயண நாள் நெருங்க நெருங்க அவர் பெயரில் நினைவூட்டல்கள் வரும்: செக்-இன் திறந்துவிட்டது, உணவைத் தேர்ந்தெடுங்கள், சக்கர நாற்காலி உறுதிசெய்யப்பட்டது என்று. அம்மாவின் தொலைபேசி இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் அதைப் பார்க்க நேரிடும். ரீஃபண்டுக்கு அழைக்கும்போதே, அந்தப் பதிவிலுள்ள அவருடைய எண்ணையும் மின்னஞ்சலையும் நீக்கி, உங்களுடையதை மட்டும் போடச் சொல்லுங்கள்.